தோட்டம் கேள்வி - பதில்: கருகும் துளசி, மணக்காத கற்பூரவல்லி

மாடத்துத் துளசி இரண்டு வருஷமாகச் செழிப்பாக இருந்தது. இப்போது இலைகள் சுருண்டு, பழுப்பாகி உதிர்கின்றன. தண்ணீர் தினமும் ஊற்றுகிறேன். என்ன குறை?
- வாசகி, ஸ்ரீரங்கம்

இலையைத் திருப்பிப் பாருங்கள். மிளகைப் பொடித்துத் தூவினாற்போல் கரும்புள்ளிகள் இருந்தால் அவை பூச்சியின் எச்சம். வலை போன்ற இறக்கையுள்ள சிறு பூச்சிகள் இலையடியில் இருந்து சாற்றை உறிஞ்சுகின்றன. இதற்குத் தண்ணீரைக் கூட்டினால் வேர்தான் அழுகும்.

சுருண்ட கொப்புகளை வெட்டிக் கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள்; உரக்குழியில் போட வேண்டாம். வெட்டும்போது ஒவ்வொரு கொப்பிலும் கொஞ்சம் பச்சை இலை இருக்கட்டும். வெறும் கட்டை வரை வெட்டினால் துளிர்ப்பது சந்தேகம். பிறகு 2 மி.லி. சோப்புக் கரைசலில் 5 மி.லி. வேப்பெண்ணெயை நன்றாகக் கலக்கி, 1 லிட்டர் தண்ணீர் சேருங்கள். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும், இலையில் ஒட்டாது. வெயில் தாழ்ந்த பின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். அதுவரை இலையைப் பறித்து வாயில் போடாதீர்கள்.

கதிர் வந்ததும் கிள்ளிவிடுவது அவசியம். விதை முற்ற விட்டால் செடி கட்டை பாய்ந்துவிடும். ஒரே ஒரு கதிரை மட்டும் விதைக்கு விடுங்கள். துளசிக்கும் வயதாகும், இளங்கன்று ஒன்று கைவசம் இருப்பது நல்லது.

கற்பூரவல்லி இலை உள்ளங்கை அகலம் வருகிறது, மணமே இல்லை.
- வாசகர், தாம்பரம்

நிழலும் எருவும் அதிகம். நாலைந்து மணி நேரம் வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். தண்டு அடியில் கொழகொழத்திருந்தால் அந்தச் செடியைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம். நுனியில் நாலு அங்குலம் கிள்ளி, வெட்டுவாய் உலர அரை நாள் வைத்து, மணல் கலந்த மண்ணில் நடுங்கள்.

மொட்டை மாடியில் வெட்டிவேர் வளர்க்க முடியுமா?
- வாசகி, கடலூர்

முடியும். தொட்டியைவிடப் பை நல்லது. ஆனால் சிமெண்ட் சாக்கு வெயிலில் இற்றுப்போகும். வெயில் தாங்கும், இரண்டடி உயரப் பையாக வாங்குங்கள். மணல் இரண்டு பங்கு, செம்மண் ஒன்று, மட்கிய எரு ஒன்று. களிமண் சேர்த்தால் வேரைப் பிரிக்கும்போது பாதி அறுந்துவிடும். இரண்டு மூன்று தூர் உள்ள நாற்றை, இலைத்தாளை அரையடிக்குக் கத்தரித்து நடுங்கள். 12 முதல் 15 மாதத்தில் பையைக் கிழித்து, வேரைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் வாசனை போய்விடும். வேரை வெட்டியெடுத்த பின் மிஞ்சும் தூரே அடுத்த நடவுக்கு நாற்று.

மரிக்கொழுந்து பூத்ததும் பட்டுப்போகிறதே?
- வாசகி, திண்டுக்கல்

உங்கள் தவறில்லை. அது ஒருபருவச் செடி. நெடுநாள் நிற்க வேண்டுமானால் மரு என்ற வாசனைச் செடியை வையுங்கள். தண்டு ஒடித்து நட்டாலே வரும்.