டோட்டோரோவின் காட்டுக்குப் பாட்டியையும் அழைத்துப் போகலாமா?

கேள்வி: மகளுக்கு 7 வயது. டோட்டோரோ, போன்யோ என்ற இரண்டு ஜப்பானிய அனிமேஷன் படங்களும் அவளுக்கு மனப்பாடம். 12 வயது மகனுக்கு ஸ்லாம் டங்க் என்ற கூடைப்பந்து அனிமேஷன் தொடர்தான் உயிர். என் மாமியாருக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். நவம்பரில் 9 நாள் ஜப்பான் போகிறோம். இந்தப் படங்களுக்கு ஆதாரமான நிஜ இடங்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? யாகுஷிமா தீவுக்கும் போக முடியுமா?

பதில்: யாகுஷிமாவை இந்த முறை விட்டுவிடுங்கள். 1997-இல் வந்த 'பிரின்சஸ் மோனோனோகே' படத்தின் பாசி படர்ந்த காடு அங்குள்ள ஷிராதானி பள்ளத்தாக்கைப் பார்த்துப் பிறந்ததுதான், அழகில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நாட்டின் தெற்கே இருக்கும் ககோஷிமா வரை போய், அங்கிருந்து விரைவுப் படகில் சுமார் இரண்டு மணி நேரம். மலைப்பகுதியில் ஆண்டு மழை 8,000 மில்லிமீட்டரைத் தாண்டும். ஈரப் பாறையிலும் வேரிலும் கால்வைத்து ஏறும் பாதை, வலிக்கும் முழங்காலுக்கு ஆகாது. மகன் கல்லூரிக்குப் போகும் வயதில் அவனோடு போய் வாருங்கள்.

கிளம்பும் முன் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: "படத்தில் வந்த அதே வீடு" என்று எதுவும் இருக்காது. டோட்டோரோ, போன்யோ படங்களின் இயக்குநர் மியாசாகி பல ஊர்களில் பார்த்ததைக் கலந்து ஓர் ஊரைக் கட்டுபவர். தைவானின் ஜியுஃபென்தான் அவருடைய 'ஸ்பிரிட்டட் அவே' படத்தில் வரும் ஊர் என்று சுற்றுலாக்காரர்கள் சொல்வார்கள், அவரே அதை மறுத்துவிட்டார். "இதைப் பார்த்துத்தான் அவருக்கு அப்படித் தோன்றியிருக்கிறது" என்று காட்டினால் பிள்ளைகள் ஏமாற மாட்டார்கள், தாங்களாகவே தேட ஆரம்பிப்பார்கள்.

தங்க டோக்கியோவின் நிஷி-கசாயைப் பாருங்கள். இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி, தென்னிந்திய உணவகங்களும் உண்டு, பாட்டியின் இரவுச் சாப்பாடு கவலை தீர்ந்தது. அங்கே ஓடும் தோசாய் தடத்தின் சில ரயில்கள் நேராக மிதாகா வரை போகும். மியாசாகி படங்களை எடுத்த ஜிப்லி நிறுவனத்தின் அருங்காட்சியகம் இருப்பது மிதாகாவில். அதற்கு வாசலில் சீட்டு கிடைக்காது. ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு, அடுத்த மாதத்துச் சீட்டுகள் இணையத்தில் வரும். உங்களுக்கு அது அக்டோபர் 10, நம் நேரப்படி காலை 6.30. அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

மிதாகாவிலிருந்து மூன்றாவது நிலையம் முசாஷி-கோகனேய். அங்கிருந்து பேருந்தில் கோகனேய் பூங்காவுக்குள் இருக்கும் எடோ-டோக்கியோ திறந்தவெளிக் கட்டட அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் சொல்வது இதைத்தான். டோக்கியோவின் பழைய வீடுகளையும் கடைகளையும் பிரித்து எடுத்துவந்து இங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள். தாக்கேய் சான்ஷோதோ என்ற எழுதுபொருள் கடைக்குள் நுழைந்தால் சுவர் முழுக்க, கூரை வரை, சின்னச் சின்ன மர இழுப்பறைகள். 'ஸ்பிரிட்டட் அவே'யில் கமாஜி தாத்தா நீண்ட கைகளை நீட்டி மூலிகை எடுக்கும் கொதிகலன் அறை இதிலிருந்துதான் வந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு பழைய பொதுக் குளியல் இல்லம், உள்சுவரில் பெரிய ஃபூஜி மலை ஓவியம். பெரும்பாலான வீடுகளுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கலாம் என்பதால் சிறு பிள்ளைகளுக்கு இது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளாகத் தெரியாது. பாட்டிக்கு வாசல்படிகள் கொஞ்சம் சிரமம்தான், ஆனால் பூங்காவில் உட்கார இடம் உண்டு. திங்கட்கிழமை விடுமுறை.

மகளுக்கு இன்னொரு நாள் சயாமா குன்றுகள், தோகோரோசாவா ஊர்ப் பக்கம். 1988-இல் வந்த டோட்டோரோ படத்தின் மண் இது. வீடுகள் பெருகி இந்தக் காடு அழியப்போகிறது என்றபோது மக்கள் நன்கொடை திரட்டி, 1991-இல் ஒரு துண்டு நிலத்தை வாங்கினார்கள். 'டோட்டோரோவின் காடு எண் 1' அதுதான். அப்படி வாங்கிய காடுகள் இன்று ஐம்பதுக்கும் மேல். அங்கே சிலையோ கடையோ இருக்காது, சருகும் ஓக் மரமும் பறவைச் சத்தமும்தான். அந்த அமைதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஏழு வயதுக்குக் கண்ணில் ஒரு டோட்டோரோ பட வேண்டுமே! அதற்கு கோதேசாஷி நிலையத்திலிருந்து பேருந்தில் போகக்கூடிய 'குரோசுகேவின் வீடு' இருக்கிறது. காட்டைக் காக்கும் அறக்கட்டளையின் பழைய விவசாய வீடு, உள்ளே பெரிய டோட்டோரோ உட்கார்ந்திருக்கும். வாரத்தில் சில நாட்கள்தான் திறப்பார்கள், நாளைச் சரிபார்த்துவிட்டுப் போங்கள். நவம்பரில் நாலரை மணிக்கே சூரியன் இறங்கிவிடும், காலையிலேயே கிளம்புங்கள்.

மகனுக்கு, டோக்கியோவுக்குத் தெற்கே உள்ள கடலோர ஊரான காமகுரா. ஸ்லாம் டங்க் தொடரின் தொடக்கப் பாட்டில் வரும் ரயில்வே கேட், காமகுரா-கோகோ-மாயே நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இதில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். படம் எடுக்க நடுச்சாலையில் நிற்கும் கூட்டத்தால் அங்கே குடியிருப்பவர்கள் ரொம்பவும் அவதிப்படுகிறார்கள். சீக்கிரமே போய், ஓரமாக நின்று நாலு படம் எடுத்துவிட்டு நகருங்கள். நிலைய நடைமேடையில் நின்றாலே கடல் முழுசாகத் தெரியும். அதே ரயிலில் ஹாசே நிலையத்தில் இறங்கினால் 11 மீட்டர் உயர வெண்கலப் புத்தர், பாட்டிக்கும் மனம் நிறையும்.

கடைசி இரண்டு நாளை போன்யோவுக்கு ஒதுக்குங்கள். ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஃபுகுயாமா, அங்கிருந்து பேருந்தில் அரை மணி நேரத்தில் தோமோனோஉரா. மியாசாகி 2005-இல் இந்தத் துறைமுக ஊரில் சுமார் இரண்டு மாதம் தங்கினார், 2008-இல் படம் வந்தது. 1859-இல் எழுப்பிய கல் விளக்குத் தூண், அதன் பக்கத்தில் கடலுக்குள் இறங்கும் கற்படிகள். அலை ஏறும்போது படிகள் ஒவ்வொன்றாக மறையும், மகள் அங்கிருந்து எழுந்து வர மாட்டாள். இந்த விரிகுடாவின் ஒரு பகுதியை மண் போட்டு நிரப்பிப் பாலம் கட்டத் திட்டம் இருந்தது. ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள், 2009-இல் ஹிரோஷிமா மாவட்ட நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இல்லாவிட்டால் இன்று காட்ட அந்தக் காட்சியே இருந்திருக்காது. மகனிடம் இதைச் சொல்லுங்கள், அவன் வயதுக்குப் புரியும்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை: ஜப்பானில் காய்கறி மட்டும் தெரியும் சூப்பிலும் நூடுல்ஸிலும்கூட மீன் சாறு இருக்கும், 'தாஷி' என்பார்கள். மீன்பிடி ஊரான தோமோனோஉராவில் இது இன்னும் சிக்கல். விடுதிக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், பருப்புப் பொடியும் ஊறுகாயும் பெட்டியில் இருக்கட்டும், வெறும் சோறு எங்கும் கிடைக்கும்.

அப்புறம், சுற்றுலாப் பயணிகளுக்கான ஏழு நாள் ரயில் பயணச் சீட்டான ஜேஆர் பாஸ் வேண்டாம். 2023 அக்டோபரில் அதன் விலை 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோவில் இறங்கி ஒசாகாவிலிருந்து திரும்பும்படி விமானச் சீட்டு எடுத்தால் தனித்தனி ரயில் சீட்டே மலிவு. மகளுக்குப் பாதிக் கட்டணம், மகனுக்கு முழுச் சீட்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.