கடும் வெயிலில் ரைபிள் ஸ்கோப்பின் குறி விலகுமா?

காலையில் ஜீரோ செய்த, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்த, ரைபிள் நண்பகலில் மேலே அடிக்கிறது, அதன் மேல் பொருத்திய குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் வெயிலில் பழுதாகியிருக்குமா, வேறொன்று வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஸ்கோப்பை நான் பார்த்ததில்லை. ஆனாலும் இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள் என்று சொல்லத் துணிகிறேன். இதே சந்தேகத்தோடு ஒரு பருவம் முழுவதும் அலைந்து, நன்றாக இருந்த ஸ்கோப்பை விற்றுவிட்டு, அதைவிட விலை கூடியதை வாங்கி, அதிலும் அதே விலகலைக் கண்டவன் நான்.

அது ஒரு 300 மீட்டர் போட்டி. காலை ஏழு மணிக்குச் சரிபார்த்தபோது ஐந்து குண்டுகளும் உள்ளங்கைக்குள் அடங்கும்படி விழுந்தன. என் முறை வந்தபோது மதியம் ஒரு மணி கடந்திருந்தது. ஸ்கோப்புக்குள் பார்த்தால், அடுப்புக்கு மேலே காற்று நெளிவதைப் போல இலக்கின் கருவட்டம் நெளிந்துகொண்டிருந்தது. முதல் மூன்று குண்டுகளும் மேலே போயின. நான் அவசரப்பட்டு ஸ்கோப்பின் குமிழைத் திருகி, குறியை 4 கிளிக் (குமிழின் ஒவ்வொரு சிறு படியும் ஒரு கிளிக்) இறக்கினேன். கோணத்தில் கால் நிமிட (ஒரு டிகிரியின் 60-இல் ஒரு பங்கு ஒரு நிமிடம்) அளவுள்ள கிளிக் ஒன்று 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர் என்பதால், 300 மீட்டரில் நான்கு கிளிக்கும் சேர்ந்து ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் ஆகிறது. அடுத்த இரண்டும் நடுவில் விழுந்தன. பிறகு ஒரு மேகம் சூரியனை மறைத்தது, நெளிவு அடங்கியது, குண்டுகள் கீழே இறங்கின. மறுபடி ஏற்றினேன், மேகம் விலகியது. மீதி நேரம் முழுவதும் வெயிலுக்கும் நிழலுக்கும் பின்னால் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தேன்.

நடந்தது இதுதான். சூடேறிய தரையை ஒட்டிய காற்று அடர்த்தி குறைந்து மேலெழும்போது, வெவ்வேறு வெப்பநிலையிலுள்ள காற்றடுக்குகள் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கின்றன. ஆகவே நாம் பார்ப்பது இலக்கை அல்ல, இடம் பெயர்ந்த அதன் பிம்பத்தை. காற்று வீசாதபோது கானல், அதாவது இந்த நெளிவு, நேராக மேல்நோக்கிக் கொதிக்கிறது, பிம்பமும் மேலே உயர்ந்து தெரிகிறது, அதைக் குறிவைத்த குண்டு மேலே போகிறது. காற்று இடமிருந்து வலமாக வீசினால் பிம்பம் வலப்பக்கம் நகர்கிறது. அதே காற்று குண்டையும் வலப்பக்கமே தள்ளுவதால் இரண்டு பிழைகளும் ஒன்றோடொன்று கூடிவிடுகின்றன. ஸ்கோப் தன் முன்னால் இருப்பதை உண்மையாகக் காட்டியது. பொய் சொன்னது இடையிலிருந்த காற்று.

என் தவறு இன்னொன்றும் உண்டு. தோட்டாப் பெட்டியைத் திறந்தபடி பாயின் மேல் வெயிலில் வைத்திருந்தேன். கையில் எடுக்கும்போதே பித்தளை சுட்டது. வெப்பநிலை கூடினால் வெடிமருந்து வேகமாக எரிந்து, அழுத்தமும் குண்டின் வேகமும் கூடுகின்றன. வெப்பத்தால் அதிகம் மாறாத வெடிமருந்து வகைகள் இருக்கின்றன. நான் பயன்படுத்தியது அந்த வகை அல்ல. வெப்பமான காற்று குண்டுக்குக் கொடுக்கும் எதிர்ப்பும் சற்றுக் குறைவு. ஆக, மேல்நோக்கித் தள்ள மூன்று காரணங்கள் கைகோத்திருந்தன. நானோ நான்காவதாக, குற்றமே இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்கோப்பை வெயில் தொடவே தொடாது என்று நான் வாதிடவில்லை. 30 சென்டிமீட்டர் நீள அலுமினியக் குழாய் 30 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 0.2 மில்லிமீட்டர் நீள்கிறது. சீராக நீண்டால் குறி அவ்வளவாக மாறுவதில்லை, ஒரு பக்கம் மட்டும் சூடானால்தான் சிக்கல். பீரங்கி வண்டிகளின் குழலுக்கு வெப்ப உறை போடுவதும் இதே சீரற்ற சூட்டால் குழல் வளையாமல் இருப்பதற்காகத்தான். மூடிய காருக்குள் நாள் முழுவதும் ஸ்கோப்பை விட்டுவைப்பது மட்டும் வேண்டாம். கண்ணாடிகளில் ஆவி படியாமலிருக்க உள்ளே நிரப்பிய நைட்ரஜனை வெளியேறாமல் காக்கும் ரப்பர் வளையங்களுக்கு அது நல்லதல்ல. சூரியனை நோக்கி ஸ்கோப்பில் பார்க்கவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஒலிம்பிக் 50 மீட்டர் ரைபிளில் ஸ்கோப்பே கிடையாதே, அங்கே இந்தப் பேச்சு எதற்கு என்று யாராவது எழுதக்கூடும். அங்கும் கானல் உண்டு. அதனால்தான் அந்த வீரர்கள் பக்கத்தில் தனியே ஒரு தொலைநோக்கியை நிறுத்தி, இலக்குக்குச் சற்று முன்னால் ஃபோகஸ் செய்து, கானல் ஓடும் திசையைப் படிக்கிறார்கள். நான் அன்று அதைச் செய்யவில்லை. போட்டி நடத்துபவர்கள் மீதும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு: குலுக்கலில் காலை முறை கிடைத்தவரின் புள்ளியையும் நண்பகலில் சுட்டவரின் புள்ளியையும் ஒரே பட்டியலில் எழுதிவிட்டு, வானிலை எல்லோருக்கும் பொது என்று சொல்வது எனக்கு இன்றுவரை நியாயமாகப் படவில்லை. தோற்றவன் புலம்பல் என்று இதை ஒதுக்குபவர்கள் ஒரு முறை மதியம் ஒரு மணிக்குப் படுத்துச் சுட்டுப் பார்க்கட்டும்.

இப்போது நான் செய்வது சொற்பம். உருப்பெருக்கத்தை 24 மடங்கிலிருந்து 12 மடங்குக்கு இறக்குகிறேன். நெளிவு அப்படியே இருந்தாலும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாததால் கருவட்டத்தின் நடுவைக் கணிக்க முடிகிறது. சூடான பேரலிலிருந்து (ரைபிளின் குழலிலிருந்து) எழும் காற்று ஸ்கோப்பின் முன்கண்ணாடிக்கு நேரே வராதபடி, பேரலின் மேலே ஒரு அகலப் பட்டையைக் கட்டியிருக்கிறேன். தோட்டாக்கள் ஈரத்துணி மூடிய பெட்டியில் நிழலில் இருக்கின்றன. சுடும் நேரத்தில்தான் ஒன்றை ரைபிளின் தோட்டா அறைக்குள் செலுத்துகிறேன், சூடான அறையில் அதை வேகவிடுவதில்லை.

உங்கள் ஸ்கோப்பைச் சோதிக்க, குமிழ்களைத் தொடாமல் நாளைக் காலை வெயில் ஏறுவதற்கு முன் அதே தோட்டாவால் ஐந்து முறை சுடுங்கள். குறி பழைய இடத்துக்கே திரும்பினால் ஸ்கோப்பில் பழுதில்லை. திரும்பாவிட்டால் முதலில் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களின் திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அவையும் இறுக்கமாக இருந்தால் மட்டும் ஸ்கோப்பைச் சந்தேகியுங்கள்.