கரப்பான் மருந்து அடித்த வீட்டில் கர்ப்பிணி இருக்கலாமா?

கேள்வி: எனக்கு 9 வாரக் கர்ப்பம். போன வாரம் ஆள் வைத்துக் கரப்பான்பூச்சிக்கு மருந்து அடித்தோம். 'வாசனையே வராது, ஹெர்பல்தான்' என்றார்கள். இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்து சமைத்தேன். அன்று இரவு தலைவலி, மறுநாள் சரியாகிவிட்டது. கருவைக் கலைத்துவிடலாம் என்று மாமியார் சொல்கிறார். அடுத்த மாதம் கரையானுக்கும் மருந்து போட வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?

பதில்: கலைக்க வேண்டாம். வீட்டில் கரப்பானுக்கு அடிப்பது பெரும்பாலும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்துகள். தோல் வழியாக இவை மிகக் குறைவாகவே உள்ளே போகும். போனதையும் உடல் சீக்கிரமே சிதைத்து வெளியேற்றிவிடும். ஒருமுறை சுவாசித்ததற்காகக் கருவைக் கலைக்கச் சொல்ல எந்த மருத்துவக் காரணமும் இல்லை. தனியாக ரத்தப் பரிசோதனையும் வேண்டாம். 11 முதல் 14 வாரத்துக்குள் குழந்தையின் கழுத்துப் பின்புறத்தை அளக்க எடுக்கும் என்.டி. ஸ்கேன், 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் அனாமலி ஸ்கேன் இரண்டையும் தவறவிடாதீர்கள், ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்தாதீர்கள். அதுவே போதும்.

ஆனால் 'ஹெர்பல்' என்ற வார்த்தையை நம்பாதீர்கள். நெடி பெரும்பாலும் மருந்தைக் கரைக்கும் எண்ணெயிலிருந்து வருவது. தண்ணீரில் கலந்து அடித்தால் நெடி இருக்காது, மருந்து இருக்கும். அடித்தவரிடம் டப்பாவின் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதிலுள்ள பச்சை, நீல முக்கோணத்தைப் பார்த்தும் நிம்மதி அடைய வேண்டாம். அந்த நிறம் உடனடியாக உயிரைப் பறிக்கும் நச்சின் அளவைத்தான் சொல்கிறது. கருவைப் பற்றி எதுவும் சொல்லாது. லேபிளில் டைகுளோர்வாஸ் என்ற பூச்சிமருந்தின் பெயர் இருந்தால் அந்த ஆளை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு அதற்கு நம் நாட்டில் அனுமதி இல்லை.

வெயில் படாத மூலைகளில் பைரித்ராய்டு வாரக்கணக்கில் தங்கும். அதனால் நடக்கும் தரை, சமையல் மேடை, ஷெல்ஃப் தட்டுகளை வீட்டில் வேறு யாராவது கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் இருமுறை துடைக்கட்டும். திறந்து கிடந்த பாத்திரங்களைக் கழுவுங்கள். மூடாமல் வைத்திருந்த அஞ்சறைப்பெட்டிச் சாமான்களைக் கொட்டிவிடுங்கள், பத்து ரூபாய் கடுகுக்காக யோசிக்க வேண்டாம்.

பதினைந்து நாளில் குட்டிக் கரப்பான்கள் திரும்ப வந்தால் பயந்து மறுபடி அடித்துவிடாதீர்கள். சமையலறையில் ஓடும் சின்னக் கரப்பானின் ஒரு முட்டைப்பையில் 30, 40 முட்டைகள் இருக்கும்; தெளிக்கும் மருந்து அந்தப் பைக்குள் போகாது. இதற்கு ஜெல்தான் சரி. ஊசிக்குழலில் வரும் ஃபிப்ரோனில் அல்லது இமிடாகுளோபிரிட் ஜெல்லைத் துவரம்பருப்பு அளவில் கதவுக் கீல், சிங்க்கின் அடிப்பகுதி, ஃபிரிட்ஜ் பின்புறம் என்று கணவர் வைக்கட்டும். காற்றில் கலப்பது கிட்டத்தட்ட எதுவுமில்லை. ஏற்கெனவே ஸ்பிரே பட்ட இடத்தில் மட்டும் வைக்கக் கூடாது. பூச்சி அந்தப் பக்கமே வராது, ஜெல் வீண். 'ஜெல் போட்டும் போகவில்லை' என்று வரும் புகார்களில் பல இப்படித்தான்.

கரையான் மருந்து வேறு கதை. சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கொரு துளை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் வரை கரைசலை இறக்குவார்கள். பத்தடிச் சுவருக்கே பத்து லிட்டர். அதில் குளோர்பைரிபாஸ் இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக் கூடியது. அமெரிக்காவில் வீடுகளுக்குள் அதன் பயன்பாட்டை 2001-லேயே நிறுத்திவிட்டார்கள். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போவீர்கள் அல்லவா, அப்போது செய்யச் சொல்லுங்கள். இமிடாகுளோபிரிட் 30.5% என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. போதும், துளைகளை சிமென்ட்டால் அடைக்க வேண்டும். குழந்தையோடு திரும்புவதற்குள் மாதங்கள் ஆகிவிடும். அதுவரை தாங்காது என்றால், கரையான் பிடித்த மரச் சட்டத்தை மட்டும் கழற்றி வெளியே எடுத்துப் பாருங்கள்.

எலிக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் வைக்காதீர்கள். ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயு கிளம்பும், அதற்கு முறிவு மருந்து கிடையாது. பொறி வையுங்கள். பீரோவில் அந்துருண்டை இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். கொசுவுக்குச் சுருளைவிட வலை மேல்.

இனி எப்போது மருந்து அடித்தாலும் வாய் ஊறல், அதிக வியர்வை, பார்வை மங்கல், மூச்சுத் திணறல் வந்தால் உடனே வெளியே வந்து 108-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள். தவறி வாயில் போயிருந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மருந்தோடு இருக்கும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும்.