கடற்படையில் ரேடார் வேலை: உசிலம்பட்டி அம்மாவுக்கு

அம்மா, உங்கள் மகன் பிளஸ் டூ முடித்ததும் கடற்படையில் ரேடார் வேலைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். சண்டை வந்தால் என்ன ஆகுமோ என்று உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. சரி, முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். ரேடார்தான் வேண்டும் என்று கேட்டுச் சேர முடியாது. நான்கு வருடத்துக்கு எடுக்கப்படும் அக்னிவீராகத் தேர்வாகி, ஒடிசாவில் ஐஎன்எஸ் சில்கா என்ற கடற்படைப் பயிற்சி மையத்தில் அடிப்படைப் பயிற்சி பெற வேண்டும். எந்தப் பிரிவு என்பதைக் கடற்படைதான் முடிவு செய்யும். பிளஸ் டூ முடித்தவர்களை எடுக்கும் எஸ்எஸ்ஆர் தேர்வுக்குக் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். நான்கு வருடம் கழித்து அதிகபட்சம் கால்வாசிப் பேரைத்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் வேறு வேலை தேட வேண்டும், இதை அவனிடம் இப்போதே பேசுங்கள்.

மொபைலில் நன்றாக கேம் ஆடுகிறான், ரேடார் சுலபமாக வந்துவிடும் என்று அவன் மாமா சொன்னாராம். அப்படி இல்லை. ஜன்னல் இல்லாத, விளக்கு மங்கிய அறையில் திரையைப் பார்த்தபடி உட்கார வேண்டும். ஒரு புள்ளி தெரிந்தால் அது விசைப்படகா, சரக்குக் கப்பலா, வெறும் அலையின் எதிரொலியா என்று பிரித்து, திசை, தூரம், வேகத்தைச் சட்டென்று சொல்ல வேண்டும். பெரும்பாலான நேரம் ஒன்றுமே நடக்காது, அதுதான் கஷ்டம். இரண்டாம் உலகப் போரில் ரேடார் பார்த்தவர்களுக்காக மேக்வொர்த் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் சோதித்தபோது, அரை மணி நேரத்திலேயே கவனம் தளர்வது தெரிந்தது.

போர்ப் பதற்றத்தில் இன்னும் மோசம். 1988 ஜூலை 3 அன்று அமெரிக்காவின் வின்சென்ஸ் போர்க்கப்பல் ஈரான் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் இறந்தார்கள். விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்ததாகவே கருவியில் பதிவாகியிருந்தது. கப்பலில் இருந்தவர்கள் அது தங்களைத் தாக்க இறங்கி வரும் போர்விமானம் என்று நம்பினார்கள். அதனால் இந்த வேலைக்கு வரும் பையன்களிடம் நான் முதலில் பார்ப்பது, நெருக்கடியிலும் “இன்னும் உறுதியாகத் தெரியவில்லை சார்” என்று வாய்விட்டுச் சொல்கிற துணிச்சல் இருக்கிறதா என்றுதான்.

உள்ளே உட்கார்ந்து செய்கிற வேலை, ஆபத்தில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் ஷெஃபீல்டு போர்க்கப்பலை ஏவுகணை தாக்கியதில் 20 பேர் இறந்தார்கள். கப்பலுக்கு வருவது உள்ளே இருப்பவனுக்கும் வரும்.

இவ்வளவும் கேட்டபிறகும் அவன் போவேன் என்றால் தடுக்காதீர்கள். கோச்சிங்குக்குப் பணம் கட்டுமுன் மதுரையில் கண் டாக்டரிடம் காட்டி நிறப்பார்வையைச் சோதித்துவிடுங்கள், அதில் தவறினால் மற்றதெல்லாம் வீண். 1.6 கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் ஓட வேண்டும். காலையில் எழுப்பி விடுங்கள். அப்புறம், இடம் வாங்கித் தருகிறேன் என்று எவன் வந்தாலும் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.