பிரெஞ்சு வரலாற்றுப் பெண்களைப் பற்றி எழுதும் நாவலாசிரியர்களில் யாரைப் படிக்கலாம்? எதிலிருந்து தொடங்கலாம்?

ஒருவரைத்தான் சொல்ல வேண்டும் என்றால் பிரான்சுவாஸ் ஷாந்தெர்நாகோர். தொடங்க வேண்டிய புத்தகம் 1981இல் வந்த 'லாலே து ருவா'. 1984இல் 'தி கிங்ஸ் வே' என்று ஆங்கிலத்தில் வந்தது. நான் படித்ததும் அதைத்தான். (பெயரைப் பார்த்ததும் வங்காளத்துச் சந்திரநாகூர் நினைவுக்கு வந்தால் சரிதான். புதுச்சேரி, காரைக்காலைப் போல பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த அந்த ஊரின் பிரெஞ்சுப் பெயரும் இதுவே.)

நாயகி மதாம் தெ மேந்தனோன், பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி ரகசியமாக மணந்துகொண்ட இரண்டாவது மனைவி. அந்தக் கல்யாணத்துக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடச் சாட்சி இல்லை. முதல் மனைவியான ராணி 1683 ஜூலையில் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஏதோ ஓர் இரவில் நடந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அன்றைய பிரான்ஸில் பெண்ணுக்கு அரியணை உரிமை கிடையாது. மேந்தனோனுக்கோ ராணி என்ற பட்டம்கூட இல்லை. ஆனால் அரசர் மாலை நேரத்தில் அமைச்சர்களோடு உட்கார்ந்து வேலை பார்த்தது அவருடைய அறையில். அவர் ஓரமாக உட்கார்ந்து தையல் வேலை செய்துகொண்டிருப்பார். இந்த மாதிரி அதிகாரம் எந்த ஆவணத்திலும் பதிவாகாது.

போதாக்குறைக்கு, அரசர் எழுதிய கடிதங்களை மேந்தனோனே அழித்துவிட்டார். 18ஆம் நூற்றாண்டில் அவருடைய கடிதங்களைத் தொகுத்து வெளியிட்ட லா போமெல் என்பவர், இருந்ததைத் திருத்தி இல்லாததையும் சேர்த்துவிட்டார். மிச்சம் இருப்பது எதிரிகளின் எழுத்து. சேன்-சிமோன் பிரபுவும் அரசரின் தம்பி மனைவி லீசலோட்டேவும் பக்கம் பக்கமாக அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள்.

இப்படி ஓர் ஆள் கிடைத்தால் இஷ்டத்துக்குக் கதை கட்டத்தான் யாருக்கும் ஆசை வரும். ஷாந்தெர்நாகோர் அதைச் செய்யவில்லை. அரசர் இறந்த பிறகு, தான் நிறுவிய சேன்-சீர் பள்ளியில் ஒதுங்கி வாழும் கிழவி தன் வாழ்க்கையைத் தானே எழுதுவதாக நாவல் முழுக்கத் தன்மையில் போகிறது. மேந்தனோன் நிஜமாகவே எழுதிய, பேசிய வாக்கியங்களை எடுத்து, தன் வாக்கியங்களோடு தையல் தெரியாமல் சேர்த்திருக்கிறார். எது யாருடையது என்று படிக்கும்போது கண்டுபிடிக்க முடியவில்லை. ஆசிரியர் பிரான்ஸின் உயர் நிர்வாகப் பள்ளியில் 1969இல் முதலிடம் பெற்றவர். அங்கே அப்படி வந்த முதல் பெண் அவர்தான். அப்புறம் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றத்தில் பல வருடம் வேலை. கோப்பு படித்துப் பழகிய கண் என்பது நாவலிலும் தெரியும்.

எனக்குப் பிடித்தது முதல் பாதி. மேந்தனோன் பிறந்தது 1635இல், அப்பா சிறையில் இருந்தபோது, நியோர் ஊர்ச் சிறையிலேயே. (சிறையை ஒட்டிய இடத்தில் என்றும் சொல்வார்கள்.) சிறுவயதில் கொஞ்ச காலம் கரீபியன் தீவுகளில் இருந்துவிட்டுத் திரும்பி, உறவுக்காரர் வீட்டில் வான்கோழி மேய்த்திருக்கிறார். கையில் குச்சி, கூடையில் நீதிப் பாடல் புத்தகம், வெயிலில் கறுத்துவிடக் கூடாது என்று முகத்துக்கு ஒரு முகமூடி! வறுமையும் குலப்பெருமையும் ஒரே பிள்ளையின் தலையில். இது கற்பனை இல்லை, பிற்காலத்தில் அவரே சேன்-சீர் மாணவிகளிடம் சொன்னது. 16 வயதில் ஸ்காரோன் என்ற கவிஞரோடு கல்யாணம். உடல் முடங்கி நாற்காலியிலேயே கிடந்தவர். 1660இல் விதவை.

அடுத்து, அரசருக்கும் அவருடைய காதலி மோந்தெஸ்பானுக்கும் பிறந்த குழந்தைகளை ஊருக்குத் தெரியாமல் வளர்க்கும் வேலை. வேலையாட்களை உள்ளே விட்டால் விஷயம் வெளியே போய்விடும் என்பதால், சுவரில் திரைச்சீலை மாட்டக்கூடத் தானே ஏணியில் ஏறியிருக்கிறார். யாராவது கேள்வி கேட்கும்போது முகம் சிவந்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று உடம்பிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டாராம். நம்ப முடிகிறதா? இதுவும் அவர் வாயாலேயே சொன்னதுதான். வாள், குதிரை, சுரங்கப்பாதை என்று சரித்திர நாவல் படித்து வளர்ந்த எனக்கு, ஒரு ரகசியத்தைக் காப்பது இவ்வளவு உடல் உழைப்பா என்று இருந்தது.

அவருடைய அசல் குரல் எப்படி என்று கேட்டால் இன்னொன்று. 1717இல் ரஷ்யாவின் பேரரசர் பீட்டர் அவரைப் பார்க்க சேன்-சீர் வந்து, கட்டிலின் திரையை விலக்கிப் பார்த்திருக்கிறார். என்ன நோய் என்று கேட்டாராம். "ரொம்ப முதுமை" என்று பதில் சொன்னதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறார் மேந்தனோன். இந்த வறண்ட நகைச்சுவை நாவலிலும் அப்படியே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. தன்மையில் சொல்லும் கதை என்பதால் நாயகி தன் வழக்கைத் தானே வாதாடுகிறார். 1685இல் லூயி புராட்டஸ்டன்ட் மக்களுக்கு இருந்த வழிபாட்டு உரிமையைப் பறித்தார். லட்சக்கணக்கானவர்கள் நாட்டை விட்டு ஓடினார்கள். இதற்கு மேந்தனோன்தான் தூண்டுதல் என்று நெடுங்காலம் பழி இருந்தது. அவருடைய தாத்தா அக்ரிப்பா தோபிஞே புராட்டஸ்டன்ட் தரப்பில் போரிட்ட கவிஞர் என்பது கூடுதல் சங்கடம். இன்றைய ஆய்வாளர்கள் பலர் அவ்வளவு பழியை அவர்மேல் போடுவதில்லை. இருந்தாலும், அந்த இடத்தில் நாவல் அவரைக் கொஞ்சம் சுலபமாகத் தப்பவிடுகிறது என்பது என் எண்ணம்.

பிற்பாதியில் சமயச் சர்ச்சைகள் வரும்போது வேகம் குறையும். பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போனாலும் நஷ்டமில்லை. ஆனால் சேன்-சீர் பகுதியைத் தள்ளிவிடாதீர்கள். ஏழைப் பிரபுக் குடும்பத்துப் பெண்கள் 250 பேருக்காக 1686இல் தொடங்கிய பள்ளி அது. அந்த மாணவிகள் நடிப்பதற்காகவே நாடகாசிரியர் ரசீன் இரண்டு நாடகங்கள் எழுதினார். இந்த நாவலை வைத்து நீனா கொம்பனேஸ் இயக்கிய தொலைக்காட்சிப் படம் ஒன்றும் இருக்கிறது. புத்தகத்தை முடித்துவிட்டு அதைப் பாருங்கள்.