பாபா வந்தாள், பாபா வந்தார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெலாரூசிய மொழியையும் ஷோனா மொழியையும் ஒப்பிடும் காணொளி ஒன்றைப் பார்த்தேன். ‘பாபா’ என்ற சொல் இரண்டிலும் இருக்கிறதாம், இரண்டிலும் வீட்டுப் பெரியவரைத்தான் குறிக்கிறதாம். அப்படியானால் இரண்டுக்கும் பழைய உறவு ஏதும் உண்டா? இல்லையென்றால் எதற்காக ஒப்பிட வேண்டும்? தமிழருக்கு இவற்றில் எது எளிதாக வரும்?

கே., கோவை

அன்புள்ள கே.,

உறவு எதுவும் இல்லை. பெலாரூசியம் ரஷ்யன், உக்ரேனியன் ஆகியவற்றின் உடன்பிறப்பு, ஸ்லாவியக் கிளை. ஷோனா ஸ்வாஹிலி, ஜூலு போல பாண்ட்டு மொழி. சிம்பாப்வேயில் பெரும்பாலோர் பேசுவது அதுதான். குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள் ப, ம, த. அவற்றைப் பெற்றோரும் தாத்தா பாட்டியும் தங்களுக்கான பெயராக எடுத்துக்கொள்வது உலகம் முழுக்க நடப்பது. உங்கள் காணொளி சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பெலாரூசியத்தில் பாபா என்றால் பாட்டி, ஷோனாவில் அப்பா.

ஆனாலும் அந்தச் சொல்லை வைத்தே ஒப்பிடலாம். பெலாரூசியத்தில் ‘பாபா ப்ரிய்ஷ்லா’ என்றால் பாட்டி வந்தாள். வினையின் வால் ‘லா’ பெண் என்று காட்டிவிடுகிறது. வந்தவன் ஆணாக இருந்தால் ‘ப்ரிய்ஷோவ்’. ஷோனாவில் ‘பாபா வவுயா’ என்றால் அப்பா வந்தார். இங்கே வினையின் தலையைப் பார்க்க வேண்டும். அந்த ‘வ’ பலர்பால் அடையாளம். ‘வன்ஹு வவுயா’ என்றால் மனிதர்கள் வந்தார்கள். அப்பா ஒருவர்தான், ஆனாலும் மரியாதைக்குப் பன்மை. நம் வீடுகளில் ‘அப்பா வந்தாங்க’ என்கிறோமே, அதேதான். ஆணா பெண்ணா என்று மட்டும் ஷோனா வினை சொல்லாது. ‘அவுயா’ என்றால் வந்தான், வந்தாள் இரண்டும். ஒரு மொழி பாலைக் கேட்கிறது, இன்னொன்று மதிப்பைக் கேட்கிறது. தமிழ் இரண்டையும் கேட்கும் மொழி என்பது எனக்கே இதைப் படித்தபோதுதான் உறைத்தது. உறவில்லாத மொழிகளை ஏன் ஒப்பிட வேண்டும் என்றீர்களே, எனக்குக் கிடைத்த பதில் இதுதான்.

பெயரும் அடைமொழியும் ஒத்துப்போவதிலும் இதே தலை-வால் கதைதான். பெலாரூசியத்தில் நல்ல வீடு ‘தோப்ரி தோம்’, நல்ல சொல் ‘தோப்ரயே ஸ்லோவா’. கடைசி அசை மாறுகிறது. ஷோனாவில் பெரிய மனிதர் ‘முன்ஹு முகுரு’, பெரிய பொருள் ‘சின்ஹு சிகுரு’, பெரிய பொருள்கள் ‘ஸ்வின்ஹு ஸ்விகுரு’. முதல் அசையைப் பிடித்துக்கொண்டால் வாக்கியம் முழுக்க அதே எதிரொலிக்கும். (‘ஸ்வி’ என்று எழுதினேனே, அது கிட்டத்தட்ட. உண்மையான ஒலியில் சீழ்க்கை கலந்திருக்கும், தமிழ் எழுத்தில் அடங்காது.)

அந்தச் சீழ்க்கை ஒலிக்கு ஒரு காலத்தில் தனி எழுத்தே இருந்தது. செசுரு, கரங்கா, மன்யிகா, ந்தாவ், கொரெகொரே என்று வட்டாரத்துக்கு ஒன்றாகப் பேச்சு, கிறித்தவ மிஷனுக்கு ஒன்றாக எழுத்து என்று கிடந்ததை ஒரே எழுத்துமொழியாக்கும் வேலை கிளெமென்ட் டோக் என்ற மொழியியலாளரிடம் போனது. 1931-ல் அவர் அறிக்கை வந்தது. ஒலிக்கு ஒரு எழுத்து என்று புதிய வடிவங்களைச் சேர்த்தார். ஆனால் தட்டச்சுப் பொறியில் அந்த எழுத்துகள் இல்லை. 1955-ல் அவற்றைக் கைவிட்டு, சாதாரண ரோமன் எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்து எழுத ஆரம்பித்தார்கள். 1967-ல் இன்னொரு திருத்தம்.

பெலாரூசியர்கள் தங்கள் தனி எழுத்தை விடவில்லை. அவர்களுடைய உகர எழுத்தின் தலையில் சின்னப் பிறை வைத்தது அது, ஆங்கில டபிள்யூ போன்ற ஒலி. அவன் எழுந்தான் என்பது ‘யோன் உஸ்தாவ்’. அவள் எழுந்தாள் என்றால் ‘யனா’ உயிரில் முடிவதால் அடுத்த சொல்லின் உகரம் குறுகி ‘வ்ஸ்தாலா’ ஆகிவிடும், அதை எழுத்திலும் காட்டியாக வேண்டும். புணர்ச்சி விதிதான்! ‘வரச் சொன்னான்’ என்பதில் ஒற்றை விழுங்கிவிட்டு எனக்குக் கடிதம் எழுதும் நண்பர்கள் கவனிக்க. பொலொத்ஸ்க் ஊரில் அந்த எழுத்துக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள்.

எழுத்து அங்கே அரசியலும்கூட. பிரனிஸ்லாவ் தரஷ்கேவிச் 1918-ல் எழுதிய இலக்கணத்தை ஒட்டியே பெலாரூசிய எழுத்து முறை உருவானது. 1933-ல் சோவியத் அரசு அதை ரஷ்யனுக்கு நெருக்கமாகத் திருத்தியது. தரஷ்கேவிச்சை 1938-ல் சுட்டுக்கொன்றார்கள். இன்றும் பழைய முறையில் பிடிவாதமாக எழுதுகிறவர்கள் உண்டு. 2009 கணக்கெடுப்பில் 53 சதவீதம் பேர் பெலாரூசியத்தைத் தாய்மொழி என்றார்கள், வீட்டில் பேசுவது என்று சொன்னவர்கள் 23 சதவீதம். ஷோனாவின் நிலைமை வேறு. வீடும் சந்தையும் அதன் கையில்தான், பள்ளியிலும் அலுவலகத்திலும்தான் ஆங்கிலம்.

சரி, எது எளிது? ஷோனா என்பேன். எல்லா அசையும் உயிரில் முடியும், மெய்கள் பெலாரூசியம் போல முட்டிக்கொள்ளாது. அப்புறம், நமக்குப் பழகிய ஒலிக்குறிப்பு அங்கே கொட்டிக் கிடக்கிறது: ஓசையே இல்லாத அமைதி ‘சீ’, பளீர் வெள்ளை ‘ம்பூ’, கன்னங்கரேல் ‘ந்தோ’. ஆனால் சொல்லின் சுரம் ஏறி இறங்கினால் பொருள் மாறும், அதற்கு எழுத்தில் குறி கிடையாது. கேட்டுத்தான் பழக வேண்டும்.

காலை வணக்கத்திலிருந்து தொடங்குங்கள். ‘மங்வனானி, மராரா ஹெரெ?’, அதாவது தூங்கினீர்களா? அதற்குப் பதில் ‘ந்தராரா கனா மரராவோ’: நீங்கள் தூங்கியிருந்தால் நானும் தூங்கினேன்.

அன்புடன்.