ஷெட் தூண் அடியில் திரும்பத் திரும்ப வரும் துரு

சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிற உங்க பட்டறை ஷெட்டில், பெயின்ட் அடிச்சும் இரும்புத் தூண் அடியில் துரு திரும்ப வருது, என்ன செய்யலாம்னு கேட்டிருக்கீங்க. மறுபடி பெயின்ட் அடிக்காதீங்க, காசுதான் வீண். கான்கிரீட்டில் புதைத்த பைப் தூண் தரைமட்டத்தில்தான் அரிக்கும். உங்க பட்டறையிலும் அதே இடம்தான்னு எழுதியிருக்கீங்க. இரும்புக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் மழைத்தண்ணி இறங்கித் தேங்குது போல.

துருவைச் சுரண்டிட்டு, சின்னச் சுத்தியலால் கீழிருந்து மேலே தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டால் பைப்பின் தகடு பெரும்பாலும் நல்லா இருக்கு. மந்தமாகக் கேட்டாலோ குழிந்தாலோ அந்தப் பகுதியை வெட்டத்தான் வேணும். வெட்டிட்டு, தரைக்கு மேல் 15 செ.மீ. கான்கிரீட் பீடம் கட்டி, பேஸ் பிளேட் (தூண் அடியில் வைக்கிற இரும்புத் தகடு), ஆங்கர் போல்ட் (அதைக் கான்கிரீட்டோடு பிணைக்கிற போல்ட்) போட்டுத் தூணை நிறுத்துங்க. பீடத்தின் மேல்பக்கம் வெளிப்புறம் சரிஞ்சிருக்கணும், இல்லைன்னா பழைய கதைதான்.

கூரைக்கு முட்டுக் கொடுக்காமல் தூணை அறுக்கவே கூடாது. ஒரு நேரத்தில் ஒரு தூண். அக்டோபருக்கு முன்னாலேயே முடிச்சிடுங்க. 2016 டிசம்பர் வர்தா புயல் மாதிரி காற்று அடிச்சால் பாதி வேலையில் நிற்கிற ஷெட் தாங்காது.